பழைய அம்பாசடரை வீட்டிலேயே பேணுதல்

மே மாத நண்பகலில், அலிப்பூர் தேசிய நூலகத்தை அடுத்துள்ள பெல்வெடேர் சாலையில் எமது அம்பாசடர் நின்றுவிட்டது. 1986ஆம் ஆண்டின் பெட்ரோல் வண்டி. அரைமணி நேரம் மர நிழலில் தள்ளி வைத்திருந்த பின், எதுவுமே நடவாதது போல் உயிர் பெற்று வீடு வந்து சேர்ந்தது. மறுநாளும் அதே வேளையில் அதே கதை. வெப்பத்தில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்கிறது என்றார் ஒருவர். பம்பை மாற்றச் சொன்னார் மற்றொருவர். பம்ப் மாற்றப்பட்டது, கார்புரேட்டர் இருமுறை கழற்றித் துடைக்கப்பட்டது. நோய் தீரவில்லை. இறுதியில் குற்றவாளி, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கண்டென்சர் எனத் தெரிந்தது. குளிர்ந்திருக்கையில் ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் செயலிழக்கும் குணம் அதற்கு உண்டு. அதன் விலையைப் போலப் பன்மடங்கை அதற்கு முன்பே செலவழித்திருந்தோம்.

இக்கட்டுரை அச்செலவின் பயனாக விளைந்தது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் கோவையிலும் நம் வாடிக்கையாளர்களில் பலர் தந்தையார் வாங்கிய அம்பாசடரை விற்க மனமின்றி வைத்திருக்கின்றனர். அவர்கள் வீட்டிலேயே பாதுகாப்பாகச் செய்யத்தக்கவை எவை, தேர்ந்த மெக்கானிக்கிடம் விட வேண்டியவை எவை, வண்டியோடு ஒட்டியிருக்கும் காகிதங்களில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே காண்போம்.

ஹூக்ளிக் கரையில் பிறந்த வண்டி

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942இல் தொடங்கப்பெற்றது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்த அதன் தொழிற்கூடம் 1948இல் கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள உத்தர்பாராவுக்கு மாறியது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடர், 1950களின் பிற்பகுதியில் அங்கிருந்து வெளிவரத் தொடங்கி, 2014 மே மாதம் உற்பத்தி நிறுத்தப்படும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தோற்றத்தில் பெரிய மாற்றமின்றி வந்துகொண்டிருந்தது. 1990களில் இசுசு 1,800 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் இருப்பது 1,489 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். நாம் பேசப்போவது முக்கியமாக இதனைப் பற்றியே.

மாற்றமின்மை என்று அன்று எள்ளப்பட்டதே இன்று உரிமையாளருக்கு நன்மையாய் முடிந்திருக்கிறது. பல ஆண்டுகளின் உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. கொல்கத்தாவில் மல்லிக் பஜாரிலும் சென்னையில் புதுப்பேட்டையிலும் அவை இன்றும் கிடைக்கின்றன. எனினும் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று, ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குக. பிரேக் தொடர்பான ரப்பர்ப் பொருள்களைப் பழையனவாக வாங்கவே கூடாது. அங்கே சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

வண்டிக்கடியில் செல்லுமுன்

ஜாக்கி வண்டியை உயர்த்துவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. உயர்த்திய பின் இருபுறமும் உலோகத் தாங்கிகளை வைத்து, தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் செல்ல வேண்டும். செங்கல் திடீரென உடையும். ஆகையால் செங்கல் அடுக்கு வேண்டாம். மின் வேலைக்கு முன் பாட்டரியின் பூமி இணைப்பைக் கழற்றிவிடுக. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதுவதோ காற்றுக் குழலால் அடிப்பதோ தகாது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி எறிந்துவிடுக.

அலிப்பூரில் பழைய பங்களாக்கள் பல அடுக்ககங்களாக மாறிவிட்டன. கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் பழுது பார்க்கக் குடியிருப்போர் சங்கம் இசையுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அண்டை வீட்டாரோடு நல்லுறவைக் காக்கும். கழிவு ஆயிலைச் சாக்கடையில் விடாமல், டப்பாவில் சேர்த்துப் பணிமனையில் கொடுப்பதும் அவ்வாறே.

நின்றுபோன வண்டி: பொறியா, பெட்ரோலா?

ஸ்டார்ட்டர் எஞ்சினை நன்கு சுழற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கேள்வி ஒன்றே: பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா? நாங்கள் செய்த பிழை, வண்டி ஆறி நலமடைந்த பின் சோதித்ததாகும். பழுது இருக்கும்போதே, அதாவது வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே சோதித்திருந்தால் முதல் நாளே விடை கிடைத்திருக்கும்.

முதலில் எங்கும் பெட்ரோல் கசியவில்லை என்று உறுதி செய்துகொள்க. பின்னர், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவே வரும் தடித்த கம்பியை மூடியிலிருந்து உருவி, அதன் முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலிருந்து சுமார் 6 மி.மீ. தொலைவில், உலர்ந்த மின்காப்புள்ள குறடால் பிடித்துக்கொண்டு, மற்றொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்க. நீல நிறத்தில் சடசடவெனத் தடித்த பொறி பாய்ந்தால் காயில், கண்டென்சர், பாயிண்ட் மூன்றும் நலம். மெலிந்த மஞ்சள் பொறியோ, பொறியே இன்மையோ தென்பட்டால் இம்மூன்றில்தான் குறை. மூடியைத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது பாயிண்டுகளுக்கிடையே பெரிய பொறிகள் தெறித்தால் கண்டென்சரையே முதலில் ஐயுறுக. பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். பாயிண்டின் குதிகால் நாளடைவில் தேய்வதால் இடைவெளி தானே குறையும். ஆண்டுக்கிருமுறை ஃபீலர் கேஜ் கொண்டு பார்ப்பது பத்து நிமிட வேலை.

காயிலில் நல்ல பொறி இருந்தும் எஞ்சின் பிடிக்காவிடில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் உள்ளே சுழலும் ரோட்டரையும் காண்க. கொல்கத்தாவின் மழைக்காலக் காலைகளில் மூடிக்குள் நீர்த்துளி படிவது வெகு சாதாரணம். மென்மையான உலர் துணி ஒன்று போதும். மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போல் கருங்கீற்று தெரிந்தால் மட்டும் துடைத்துப் பயனில்லை. மாற்றியே ஆக வேண்டும்.

பொறி சரியென்றால் பெட்ரோல் பக்கம் திரும்புவோம். சோலெக்ஸ் கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும் நிலையில், ஆக்ஸிலேட்டர் இணைப்பைக் கையால் ஒருமுறை வேகமாக இழுத்தால் உள்ளே மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்சியடிப்பதைக் காணலாம். அது வந்தால் கார்புரேட்டர்த் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. எஸ்.யூ. கார்புரேட்டரில் இவ்வசதி இல்லை. மிதவைத் தொட்டியைத் திறந்தே பார்க்க வேண்டும், அதுவும் எஞ்சின் ஆறிய பின்பே. தாரை வராவிடில் பம்ப், வடிகட்டி, குழாய் என்று பின்னோக்கிச் செல்க. கடுங்கோடையில் மெய்யாகவே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது பம்பின் மேல் ஈரத் துணி சுற்றினால் சில நிமிடங்களில் வண்டி புறப்படும். எமது வண்டிக்கு எத்தனை ஈரத் துணி சுற்றியும் பயனில்லாதிருந்ததே, பழுது அங்கில்லை என்பதற்குச் சான்றாக இருந்தது. அதை அன்று யாரும் படித்தறியவில்லை.

ஒன்பதின் கணக்கு

இவ்வெஞ்சினில் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது வீட்டில் செய்யத்தக்க வேலைகளில் மிகவும் மனநிறைவு தருவது. எட்டு வால்வுகளை ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்க. ஒரு வால்வு முழுதும் திறந்திருக்கையில், அதனோடு கூட்டினால் ஒன்பது வரும் எண்ணுள்ள வால்வு நன்கு மூடியிருக்கும். எட்டாவது திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்க. ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. நினைவில் வைக்கப் புத்தகம் வேண்டியதில்லை. பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கைப்பிடி கொண்டு எளிதாகச் சுழற்றலாம். இடைவெளியின் அளவும், அதை எஞ்சின் சூடாக இருக்கையில் பார்ப்பதா ஆறியபின் பார்ப்பதா என்பதும் உங்கள் வண்டிக்குரிய கையேட்டில் உள்ளபடி.

இதில் மற்றொரு பயனும் உண்டு. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்ட எஞ்சின் இது. ஈயம் வால்வுகளின் இருக்கைக்கு ஒருவகைப் பூச்சாக விளங்கிற்று. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. அதன்பின் நீண்ட தொலைவு வேகமாக ஓடும் பழைய எஞ்சின்களில் புகைவால்வின் இருக்கை மெல்லத் தேய்ந்து, வால்வு உள்ளே புதைய, இடைவெளி குறைந்துகொண்டே வரும். டாப்பெட் ஓசை குறைந்துவிட்டதென்று மகிழ வேண்டாம். ஓசையற்ற டாப்பெட்டே இங்கு அஞ்சத்தக்கது. ஒவ்வொரு முறையும் கண்ட அளவைக் குறித்து வைத்தால், ஏதேனும் ஒரு வால்வு மட்டும் தொடர்ந்து இறுகுவது தெரியவரும். அவ்வாறாயின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடினமான புதிய இருக்கை பதிக்கும் பணியைப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டியதுதான்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் உள்ளிருக்கும் சவ்வையும் நாளடைவில் இளகச் செய்யும். எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றிவிடுக. பழைய குழாயில் வெடிப்பு தெரியும்வரை காத்திருத்தல் தீவிபத்துக்கு இடங்கொடுப்பதாகும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் தொட்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கவும் வேண்டாம்.

பெயரால் ஏமாற்றும் எண்ணெய்

பிரேக் ஆயில் என்று நாம் அனைவரும் சொல்வது ஆயிலே அன்று. பெரும்பாலும் கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம் அது. பெயரை நம்பி, குறைந்த அளவை ஈடுசெய்ய எஞ்சின் ஆயிலை ஊற்றுவோர் இன்றும் உள்ளனர். கனிம எண்ணெய் பட்ட மாத்திரத்தில் சிலிண்டர்களிலுள்ள ரப்பர்க் கிண்ணங்கள் ஊதிச் சிதையத் தொடங்கும். பிரேக் முதல் நாள் நன்றாகப் பிடிக்கும். பின்னொரு நாள் இறுகிக்கொள்ளும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. அம்பாசடரின் பழைய வகைகளில் பிரேக் முழுவதற்கும் ஒரே சுற்றுதான் என்பதை நினைவில் கொள்க. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் கைவிட்டுவிடும்.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். கொல்கத்தா, சென்னை போன்ற ஈரக்காற்றுள்ள ஊர்களில் இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றுவது நன்று. மிதியை அழுத்தினால் பஞ்சு போல் அமிழ்கிறதா, அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்லக் கீழிறங்குகிறதா, காலை எடுத்த பின்னும் ஒரு சக்கரம் இறுகியே நிற்கிறதா? முதலாவது காற்று நுழைந்ததையும், இரண்டாவது மாஸ்டர் சிலிண்டரின் தேய்வையோ எங்கோ ஒழுகுவதையும் காட்டும். மூன்றாவது, வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றும் ரப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி அடைத்திருப்பதால் வரக்கூடும். இம்மூன்றில் எது தென்பட்டாலும் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். கண்டறிவது உங்கள் வேலை. திறந்து சரிசெய்வதைப் பிரேக் வேலையில் பழகிய கைகளுக்கு விடுவதே எம் கருத்து.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கையில் திறக்கவே கூடாது. ஃபேன் பெல்ட்டை நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 13 மி.மீ. அமிழ வேண்டும். முன்சக்கரங்களின் மூட்டுகளில் உள்ள கிரீஸ் நிப்பிள்களுக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஸ்டீரிங் கனமாவதற்குப் பாதிக் காரணம் இதைச் செய்யாமையே. தினமும் காலையில் இரண்டு நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வண்டிக்குச் செய்யும் தீங்காகும். எஞ்சின் சூடேறாததால் உள்ளே ஈரம் படிந்து ஆயிலோடு கலக்கிறது. இரு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடமேனும் சாலையில் ஓட்டுக.

மழையில் தெரு நிறைந்து வண்டிக்குள் நீர் புகுந்துவிட்டால் எஞ்சினை இயக்கிப் பார்க்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் இயக்கினால் பிஸ்டன் தண்டு வளையும். அவ்வாறு இயக்கியதால் விளைந்த சேதத்துக்கு வழக்கமான காப்பீட்டில் இழப்பீடு கிடைப்பதும் அரிது. இழுத்துச் சென்று, பிளக்குகளைக் கழற்றி, எஞ்சின் ஆயிலோடு கியர் பெட்டி, பின் அச்சு ஆயிலையும் மாற்றிய பின்பே இயக்குக.

காகிதங்களும் துருப்பிடிக்கும்

எமது அண்டை வீட்டார் ஒருவர், காலஞ்சென்ற தந்தையின் பெயரிலிருந்த காரைத் தம் பெயருக்கு மாற்ற முனைந்தபோது, பதிவுச் சான்றில் ஒரு வங்கியின் பெயரால் ஹைப்பாதிகேஷன் குறிப்பு இன்னும் இருப்பதைக் கண்டார். கடனைத் தந்தையார் பல்லாண்டுகளுக்கு முன்பே அடைத்துவிட்டார். குறிப்பை நீக்க மட்டும் மறந்துவிட்டார். கடன் கொடுத்த கிளை வேறொரு கிளையோடு இணைந்துவிட்டது. பழைய ஏடுகளைத் தேட நேர்ந்தது. மாதங்கள் சென்றன. வண்டியோ அதற்குள் ஒரு மழைக்காலம் முழுதும் ஓடாமல் நின்று, தரைத் தகடு துருவேறிப்போயிற்று.

கடன் அடைந்தது வேறு, பதிவுச் சான்றில் குறிப்பு நீங்குவது வேறு. வங்கியின் ஆட்சேபனையின்மைச் சான்றோடு படிவம் 35ஐ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்தாலன்றி அக்குறிப்பு தானே மறையாது. இன்று மாலையே உங்கள் பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள்; கடனளித்த அதிகாரிகள் ஓய்வு பெறுமுன் செய்வது எளிது. உரிமையாளர் மறைந்தால், வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் வாரிசு 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் படிவம் 25 வழியே புதுப்பிக்கலாம். காலாவதியாவதற்கு முந்தைய 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்கலாம். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600இலிருந்து ரூ.5,000 ஆயிற்று, 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதம் நூற்றெழுபது ரூபாய்க்குள் அடங்கும்.

முதல் விற்பனையிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் கார்களுக்கு 2021ஆம் ஆண்டின் விதிகள் தனிப் பதிவு வழங்குகின்றன. எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. ஆனால் அப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் செலுத்தலாம். அன்றாடம் சந்தைக்கும் கோயிலுக்கும் செல்ல இயலாது. 1968இல் தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பில் பங்குபெறுவதே நோக்கமென்றால் இது பொருந்தும். ஞாயிறுதோறும் லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கச் செல்பவருக்குச் சாதாரணப் பதிவே ஏற்றது.

காப்பீட்டில், மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பது யாவரும் அறிந்ததே. சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு எடுப்பதாயின், ஐந்தாண்டைக் கடந்த வண்டியின் மதிப்பு காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்வதாகும். எனவே வண்டியின் நிலையைக் காட்டும் புகைப்படங்களையும் உதிரிபாக ரசீதுகளையும் சேர்த்து வைத்திருப்பவர் அப்பேச்சில் வலுவாக நிற்பார். வழக்கமான பாலிசியில் பத்தாண்டைக் கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கும், எந்த வயதினதாயினும் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி ஆகியவற்றுக்கும் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். உரிமம் கோரும் வேளையில் இது தெரியவந்து வருந்துவோர் பலர்.

எமது வண்டியின் கையுறைப் பெட்டியில் இப்போது ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடும், தாளில் சுற்றிய புதிய கண்டென்சர் ஒன்றும், ஃபீலர் கேஜும், ஒரு திருப்புளியும் இருக்கின்றன. சென்ற மே மாதம் ஜட்ஜஸ் கோர்ட் சாலையில் வண்டி மீண்டும் நின்றது. கம்பியை உருவிப் பிடித்தோம். நீலப்பொறி தடித்துப் பாய்ந்தது. இம்முறை மெய்யாகவே ஆவியடைப்பு. ஈரத் துணி போதுமாயிற்று.